பத்தாயிரம் பாக்கிக்கு நாலாயிரம் ரூபாயா? கிரெடிட் கார்டு வட்டி ஓடும் விதம்

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 1-ஆம் தேதி வரும். என் கிரெடிட் கார்டுக்கு மாதம் 10-ஆம் தேதி பில் போடுவார்கள், 30-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் 14 அன்று 42,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினேன். மார்ச் 22-இல் மருத்துவமனைக்கு 11,000, ஏப்ரல் 5-இல் மளிகைக்கு 7,000. ஏப்ரல் 10 பில் 60,000 ரூபாய். ஏப்ரல் 30 அன்று 50,000 கட்டிவிட்டேன். மீதி 10,000-க்கு மாத வட்டி 3.75 சதவீதம், அதாவது 375 ரூபாய்தானே, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இடையில் ஏப்ரல் 18-இல் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு 6,000 தேய்த்தேன். மே 10 பில்லைப் பார்த்தால் வட்டி மட்டும் 3,464 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 624 ரூபாய். மொத்தம் 20,088 கட்டச் சொல்கிறார்கள். பத்தாயிரத்துக்கு ஒரே மாதத்தில் நாலாயிரமா? வங்கி ஏமாற்றுகிறதா? இன்னொன்று: என் அண்ணனுக்கு வேறொரு கார்டில் ஒரு லட்சம் பாக்கி. மாதம் 5,000 ரூபாய் ‘மினிமம்’, அதாவது பில்லில் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் தொகையை மட்டும் கட்டுகிறார். மினிமம் கட்டினால் போதும், கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) கெடாது என்கிறார். அது சரியா?

பதில்: உங்கள் பில்லில் உள்ள தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வங்கி தன் நிபந்தனைப்படிதான் போட்டிருக்கிறது. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. 3.75 சதவீதம் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் படிக்கிற யாருக்கும், அது எந்தத் தொகைக்கு, எந்த நாளிலிருந்து என்பது தெரிவதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் 10,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி என்று நினைத்தீர்கள். கார்டு கணக்கு அப்படி ஓடுவதில்லை. ஒவ்வொரு செலவுக்கும், தேய்த்த நாளிலிருந்து அந்தப் பணம் வங்கிக்குத் திரும்பி வந்த நாள் வரை தினமும் வட்டி ஓடுகிறது. பில்லை முழுதாக, கெடுவுக்குள் கட்டிவிட்டால் அந்த வட்டியை வங்கி வசூலிக்காமல் விட்டுவிடுகிறது. வட்டியில்லாக் காலம் என்று விளம்பரத்தில் வரும் 45 நாள், 50 நாள் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கின்றன. பில்லில் ஒரு பகுதி பாக்கி நின்றால் சலுகை அந்தப் பகுதிக்கு மட்டும் போவதில்லை. பில்லில் இருந்த எல்லாச் செலவுக்கும் போய்விடுகிறது. தேய்த்த நாளுக்கே திரும்பிப்போய் வட்டி போடுவார்கள்.

மாதம் 3.75 என்றால் ஆண்டுக்கு 45 சதவீதம். தொகையை நாளால் பெருக்கி, 45 சதவீதம் எடுத்து, 365-ஆல் வகுத்தால் வட்டி வந்துவிடும். உங்கள் கணக்கு இது:

ஃபிரிட்ஜ் 42,000: மார்ச் 14 முதல் ஏப்ரல் 30 வரை 47 நாள். வட்டி 2,433.70.
மருத்துவமனை 11,000: மார்ச் 22 முதல் ஏப்ரல் 30 வரை 39 நாள். வட்டி 528.90.
மளிகை 7,000: ஏப்ரல் 5 முதல் ஏப்ரல் 30 வரை 25 நாள். வட்டி 215.75.
நீங்கள் கட்டாமல் விட்ட 10,000: ஏப்ரல் 30 முதல் மே 10 வரை 10 நாள். வட்டி 123.29.
பள்ளிப் புத்தகம் 6,000: ஏப்ரல் 18 முதல் மே 10 வரை 22 நாள். வட்டி 162.74.

கூட்டினால் 3,464 ரூபாய் 38 காசு. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 623.59. இரண்டும் சேர்ந்து 4,088. பழைய பாக்கி பத்தாயிரமும் புத்தகத்தின் ஆறாயிரமும் சேர்ந்தால் உங்கள் 20,088 வந்துவிட்டது. சில வங்கிகள் தேய்த்த நாளுக்குப் பதில் அந்தச் செலவு கணக்கில் பதிவான நாளிலிருந்து எண்ணும். முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்து எண்ணுகிறவையும் உண்டு. அதனால் சில பத்து ரூபாய் முன்பின் வரலாம்.

இந்தப் பட்டியலில் நான்காவது வரியை இன்னொரு முறை பாருங்கள். நீங்கள் பாக்கி வைத்த பத்தாயிரத்தின் கூலி, கெடுவுக்குப் பிந்தைய பத்து நாளுக்கு, 123 ரூபாய்தான். முதல் மூன்று வரிகள், அதாவது 3,178 ரூபாய், சலுகையை இழந்ததற்கான விலை. பத்தாயிரத்துக்குப் பதில் வெறும் நூறு ரூபாய் குறைத்துக் கட்டியிருந்தாலும் வட்டி 3,342 ரூபாய் வந்திருக்கும். சில வங்கிகள் மிகச் சிறிய குறையைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். பில் தொகையைக் காசு வரை அப்படியே கட்டுங்கள்.

புத்தகச் செலவு ஏப்ரல் 10 பில்லுக்குப் பிறகு வந்தது, அதற்கு ஏன் வட்டி என்று தோன்றும். முந்தைய பில்லில் பாக்கி நிற்கும்போது புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. தேய்த்த நாளே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். பாக்கி இருக்கும் கார்டில் மளிகை, பெட்ரோல் என்று தொடர்ந்து தேய்ப்பவர்கள் அறியாமல் இழப்பது இங்கேதான். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கடையில் கியூ.ஆர். ஸ்கேன் செய்து கொடுக்கும் முப்பது ரூபாயும் அந்தக் கணக்கில்தான் ஏறும்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வீட்டுக் கடன், நகைக்கடன், தனிநபர் கடன் ஆகியவற்றின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த விலக்கிலிருந்து கிரெடிட் கார்டு வட்டியை மட்டும் வெளியே வைத்திருக்கிறார்கள். அதனால் மாதம் 3.75 என்பது உங்கள் கையிலிருந்து போகும்போது 4.425 ஆகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு ஏறத்தாழ நாலரை வட்டி, ஆண்டுக்கு 53 சதவீதம். தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்குப் பத்தாயிரம் கைமாற்று வாங்கி ஏப்ரல் 30 அன்று பில்லை முடித்திருந்தால், ஒரு மாதச் செலவு 200 ரூபாயோடு போயிருக்கும். வெளியில் வட்டிக்கு வாங்கச் சொல்லவில்லை. பில்லில் சிறு தொகை குறையும்போது அதைப் புரட்டி நிரப்புவது எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறோம். உங்கள் விஷயத்தில் சம்பளம் மறுநாளே வந்திருக்கிறது. ஒரு நாள் கைமாற்று போதுமானதாக இருந்தது.

இப்போது என்ன செய்வது? கையில் பணம் இருந்தால் இன்றே 20,088-ஐக் கட்டிவிடுங்கள். மே 30 வரை காத்திருக்காதீர்கள். முழுதாகக் கட்டி வருகிறவருக்கு 30-ஆம் தேதி வரை காத்திருப்பது லாபம். பாக்கி தூக்கிவந்தவருக்கு அந்த லாபம் இல்லை. உங்கள் 16,000 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 19.73 வட்டி, ஜி.எஸ்.டி. சேர்த்து 23.28 ஓடிக்கொண்டிருக்கிறது. 30-ஆம் தேதி கட்டினால் இருபது நாளுக்கு 466 ரூபாய். பழைய வட்டியான 3,464-யும் பாக்கியில் சேர்த்து அதற்கும் வட்டி போடுகிற வங்கியாக இருந்தால் இன்னும் நூறு ரூபாய் கூடும். இந்தத் தொகை மே பில்லில் இருக்காது. ஜூன் 10 பில்லில் வரும். போன மாதம் முழுதும் கட்டினேனே, மறுபடியும் ஏன் வட்டி என்று அப்போது பதறாதீர்கள். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வால் அது. அந்தச் சிறு தொகையையும் முழுதாகக் கட்டுங்கள். வட்டி என்ற வரியே இல்லாத ஒரு பில் கைக்கு வரும் வரை கார்டை வெளியே எடுக்க வேண்டாம். டெபிட் கார்டு, வங்கிக் கணக்கிலிருந்து நேரடி யு.பி.ஐ., ரொக்கம் இவற்றால் ஓட்டுங்கள்.

முழுத் தொகை இப்போது கையில் இல்லை என்றாலும் இதே வழிதான். இருக்கிறதை இன்று கட்டுங்கள், மீதியைக் கிடைத்த அன்றே கட்டுங்கள். மாதத்துக்கு ஒரு முறைதான் கட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பத்தாயிரம் ரூபாயை ஒரு நாள் முன்னால் கட்டினால் பதினாலரை ரூபாய் மிச்சம். நீங்கள் ஏப்ரல் 30-இல் கட்டிய 50,000, பில் வந்த மறுநாளே உங்கள் சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால், ஏப்ரல் 11 அன்று கட்டியிருந்தாலே 1,382 ரூபாய் குறைந்திருக்கும். முழுதாகக் கட்ட முடியாது என்று முன்பே தெரிந்த மாதத்தில் கடைசி நாள் வரை பணத்தை வைத்திருப்பதில் பொருளே இல்லை.

உங்கள் சிக்கலின் வேர் தேதியில் இருக்கிறது. சம்பளம் 1-ஆம் தேதி, கார்டுக் கெடு 30-ஆம் தேதி. மாதத்தில் பை மிகவும் ஒட்டியிருக்கும் நாளில் மிகப் பெரிய பில்லைக் கட்டுகிறீர்கள். பில் சுழற்சித் தேதியைக் குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கார்டு வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 மார்ச்சில் திருத்திய விதி சொல்கிறது. வங்கியின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ கேட்டு, பில் 15-ஆம் தேதி வாக்கில் வரும்படி மாற்றுங்கள். கெடு அடுத்த மாதம் 5-ஆம் தேதியை ஒட்டி விழும். மாற்றும் மாதத்தில் மட்டும் பில் காலம் நீளமாகவோ குட்டையாகவோ வரும், கவனித்துக்கொள்ளுங்கள். கூடவே ஆட்டோ பே, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து பில் தானாகவே கட்டப்படும் ஏற்பாடு, போட்டு வைப்பது நல்லது. ஆனால் அதில் ‘முழுத் தொகை’, ‘மினிமம் தொகை’ என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்துவிட்டு, ஆட்டோ பே இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். இன்றே திறந்து எது போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கெடு தாண்டி மூன்று நாள் வரை ஒன்றும் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. பாக்கி மூன்று நாளைத் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று தெரிவிக்கலாம் என்பது விதி. தாமதக் கட்டணத்தையும் கெடுவுக்குப் பின் நிற்கும் பாக்கிக்குத்தான் போட வேண்டும், மொத்த பில் தொகைக்கு அல்ல. ஆனால் விதி பேசுவது கட்டணத்தையும் பதிவையும் பற்றித்தான். வட்டிக்கு அந்த மூன்று நாளை நம்ப முடியாது. மூன்று நாள் தாண்டிவிட்டால் தாமதத்தை எண்ணுவதும் கெடு நாளிலிருந்துதான்.

வங்கியின் கணக்கைச் சரிபார்க்க மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, நீங்கள் 50,000 கட்டிய ஏப்ரல் 30-க்குப் பிறகு வட்டி 10,000-க்கு மட்டும் ஓடுகிறதா? கட்டிய தொகையையும் திரும்பி வந்த தொகையையும் கழித்து, நிற்கும் பாக்கிக்கு மட்டுமே வட்டி போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதற்குப் பின்னும் 60,000-க்கு ஓடியிருந்தால் தவறு. இரண்டு, தாமதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவற்றைப் பாக்கியில் சேர்த்து அவற்றுக்கும் வட்டி போட்டிருக்கிறார்களா? 2022-இல் வந்த கட்டளைப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது கூடாது. மூன்று, நீங்கள் மினிமம் தொகையைவிட அதிகமாகக் கெடுவுக்குள் கட்டியதால் தாமதக் கட்டணமே வந்திருக்கக் கூடாது. உங்கள் பில்லில் அது இல்லை. கார்டோடு கொடுத்த ‘மிக முக்கிய நிபந்தனைகள்’ தாளில் வட்டி போடும் முறைக்கு உதாரணக் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். அதை உங்கள் பில்லோடு வைத்துப் பார்த்து, பொருந்தாத வரி ஏதும் இருந்தால் நாள்வாரிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

புகார் வேறு, வேண்டுகோள் வேறு. இத்தனை நாள் ஒழுங்காகக் கட்டியவர், முதல் முறை சறுக்கியது என்றால், வட்டியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி வாடிக்கையாளர் சேவையில் கேட்டுப் பாருங்கள். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்பதில் நஷ்டமும் இல்லை. கேட்பதற்கு முன் பில்லைக் கட்டிவிடுங்கள்.

முப்பது சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது சட்டவிரோதம் என்று இன்னும் சமூக ஊடகங்களில் சுற்றும் செய்தியையும் நம்ப வேண்டாம். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

உங்கள் அண்ணன் விஷயம்தான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. உங்களுடையது ஒரு முறை விழுந்த அடி. அவருடையது மாதாமாதம் கசிகிற காசு.

ஒரு லட்சம் பாக்கிக்கு, அவருடைய கார்டிலும் 3.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாத வட்டி 3,750, ஜி.எஸ்.டி. 675, ஆக 4,425. அவர் கட்டும் 5,000-இல் அசலுக்குப் போவது 575 ரூபாய்தான். மினிமம் தொகை பல வங்கிகளில் பாக்கியில் 5 சதவீதம் என்ற அளவில் வைக்கப்படுகிறது. கட்டிய பிறகும் பாக்கி ஏறிக்கொண்டே போகும்படி மினிமம் வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்த விதியைக் காப்பாற்றுவதற்கு எவ்வளவு தேவையோ அதற்குச் சற்று மேலே இந்தத் தொகை நிற்கிறது. கடனை அடைப்பதற்காக வகுத்த தொகை அல்ல அது. கணக்கு ‘தாமதம்’ என்று பதிவாகாமல் இருப்பதற்கான தொகை.

பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே வரும். பில் சொல்கிற மினிமத்தை மட்டும் கட்டிக்கொண்டே போனால், கார்டைத் தேய்க்காமலே இருந்தாலும், ஓராண்டில் ஏறத்தாழ 57,000 ரூபாய் கட்டியிருப்பார். பாக்கி 91,000 அளவில் நிற்கும். கடன் பாதியாகக் குறையவே ஏழு ஆண்டுக்கு மேல் பிடிக்கும். மினிமம் எவ்வளவு குறைந்தாலும் விடாப்பிடியாக மாதம் 5,000 கட்டினால் 50 மாதத்தில் முடியும், மொத்தம் கட்டியது இரண்டரை லட்சம். மாதம் 8,000 கட்டினால் 19-ஆவது மாதம் முடியும், மொத்தம் 1,49,000 அளவு. வெறும் 3,000 ரூபாய் கூடுதல் ஒரு லட்சத்தை மிச்சப்படுத்துகிறது. காரணம் இதுதான்: அந்த 3,000 முழுக்க அசலுக்குப் போகிறது.

ஸ்கோர் கெடாது என்று அவர் சொல்வதற்கு வருவோம். மினிமத்தைக் கெடுவுக்குள் கட்டுகிறவரை தாமதப் பதிவு வராது, அது சரி. ஆனால் கார்டின் வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பதையும் ஸ்கோர் பார்க்கும். ஒன்றேகால் லட்சம் வரம்புள்ள கார்டில் ஒரு லட்சம் மாதக்கணக்கில் நின்றால் ஸ்கோர் இறங்கத்தான் செய்யும். மினிமத்தைக்கூட கட்டாமல் கெடு நாளிலிருந்து 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு, பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம் என்று செட்டில்மெண்ட் பேச வருவார்கள். அதை ஏற்றால் அறிக்கையில் கணக்கு ‘முழுதாக அடைக்கப்பட்டது’ என்று வராது, ‘செட்டில்’ என்று வரும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லாதவருக்கு மட்டும் அது வழி. உங்கள் அண்ணன் மாதம் 5,000 கட்டக்கூடியவர், அங்கே போக வேண்டியதில்லை.

அவர் செய்ய வேண்டியது, இந்தக் கடனை நாலரை வட்டியிலிருந்து வட்டி குறைவாக உள்ள இடத்துக்கு மாற்றுவது. வீட்டில் நகை இருந்தால் வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் முதல் தெரிவு. ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், அதே மாதம் 5,000 ரூபாயில் 22 மாதத்தில் கடன் முடியும், மொத்தம் கட்டுவது 1,10,000. கார்டில் 50 மாதம், இரண்டரை லட்சம். கட்டும் மாதத் தொகை ஒன்றுதான். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவு என்று நினைத்து கார்டில் மினிமம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், அந்த நகையின் விலையை வட்டியாகக் கட்டிவிடுகிறார்கள்.

நகைக்கடனில் இரண்டு எச்சரிக்கை. பெரும்பாலும் ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகையாக இருக்கும். அதுவரை ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பதால் மாதம் 5,000 வேறு செலவில் கரைந்துவிடும். இடையிடையே பகுதித் தொகை கட்ட அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டு, மாதாமாதம் கட்டிவரச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் மீதியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். தேதியைத் தவறவிட்டு ஏல நோட்டீஸ் வரை போகக் கூடாது. இரண்டாவது, நகைக்கடன் பணம் கைக்கு வந்த அன்றே கார்டில் கட்ட வேண்டும், அதில் ஒரு பகுதியை வேறு தேவைக்கு எடுத்துவைக்கக் கூடாது.

நகை இல்லையென்றால் கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றித் தரக் கேட்கலாம். ஆண்டுக்கு 18 சதவீதத்தில் 18 மாதம் என்றால் மாதத் தவணை 6,381. வட்டி மொத்தம் 14,850 அளவு. இதுவும் கார்டு வட்டிதான் என்பதால் அதற்கு ஜி.எஸ்.டி. உண்டு, ஏறத்தாழ 2,670 ரூபாய். செயல்பாட்டுக் கட்டணம் தனி. சொல்லும் வட்டி குறையும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கும் கடைசி வரை ஒரே வட்டியா என்று கேட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்பதையும் கேளுங்கள். பணமாக எடுத்த தொகை, நகைக்கடைச் செலவு போன்றவற்றைப் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு மாதத் தவணையும் அந்த மாத பில்லின் மினிமத்துக்குள் சேர்ந்து வரும். ஒரு மாதம் பில்லைக் குறைத்துக் கட்டினாலும் பழையபடி நாலரை வட்டிக்குள் விழுந்துவிடுவார். இன்னொரு கார்டுக்குப் பாக்கியை மாற்றும் திட்டங்கள் உண்டு. குறைந்த வட்டிக் காலம் சில மாதத்தில் முடிந்து, பழைய வட்டி திரும்பிவிடும். இரண்டு கார்டும் நிரம்பிய நிலையில் முடிபவர்களே அதிகம், அதனால் அவருக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

சம்பளச் சான்று உள்ளவர் என்றால் தனிநபர் கடனும் கேட்டுப் பார்க்கலாம். வட்டி நகைக்கடனைவிடக் கூடுதல், கார்டைவிட எவ்வளவோ குறைவு. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்து இன்னொரு கார்டைக் கட்டச் சொல்லாதீர்கள். பணமாக எடுத்த தொகைக்கு வட்டியில்லாக் காலம் ஒரு நாளும் கிடையாது. எடுத்த நிமிடமே அதற்கான கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் விழும்.

கடன் மாறியதும் அந்தக் கார்டை என்ன செய்வது என்று முன்னதாகவே வீட்டில் பேசி முடிவெடுங்கள். நகைக்கடன் வாங்கி கார்டைச் சுத்தமாக்கிவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி கார்டில் அறுபதாயிரம் ஏற்றி, இரண்டு கடனோடு நிற்பது அடிக்கடி நடக்கிறது. கையில் இருந்தால் தேய்த்துவிடுவோம் என்று அவருக்கே தோன்றினால் கார்டை மூடிவிடச் சொல்லுங்கள். பாக்கி முழுதும் கட்டியபின் மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவருக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்பதற்கு முன் ஒரு பில் சுழற்சி காத்திருந்து, உங்களுக்குச் சொன்ன அதே வால் வட்டி வருகிறதா என்று பார்த்து அதையும் கட்டிவிட வேண்டும். கவனிக்காமல் விட்ட ஐம்பது, நூறு ரூபாய் பாக்கி, பின்னர் தாமதக் கட்டணத்தோடு வளர்ந்து ஸ்கோரில் வந்து நிற்பதுண்டு. மூடியதற்கான மின்னஞ்சலையும், பாக்கி இல்லை என்ற சான்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.